பெட்டிக்கடைக்காரருக்கு விவரம் தெரியும்

பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைக்காரரைப் பற்றி நம்மிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது: ஆளுக்கு விவரம் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பிவிட்டார், ரிசர்வ் வங்கி சொன்னது காதில் ஏறவில்லை, படிப்பு போதாது. தொலைக்காட்சியில் இதைச் சொல்கிறார்கள், நாளிதழ்ப் பெட்டிச் செய்தியில் சொல்கிறார்கள், மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பில் கொஞ்சம் மிரட்டலும் சேர்த்துச் சொல்கிறார்கள். பேருந்தில் நடத்துநரோடு மல்லுக்கட்டிவிட்டு இறங்குகிறவரும் இதையேதான் முணுமுணுக்கிறார். நோய் அறியாமை என்று முடிவாகிவிட்டதால் மருந்தும் முடிவாகிவிட்டது. விழிப்புணர்வு! சுவரொட்டி, குறும்படம், கல்லூரி மாணவர் பேரணி.

நோயே வேறு என்பது என் கட்சி. அந்தக் கடைக்காரருக்கு விவரம் நன்றாகவே தெரியும். பணம் எப்படிக் கை மாறுகிறது என்பது அவரைத் திட்டுகிற நம்மைவிட அவருக்குக் கூடுதலாகத் தெரியும். தெரியாமல் நடந்துகொண்டவர்கள் நாணயத்தை வடிவமைத்தவர்களும் புழக்கத்தில் விட்டவர்களும்தான்.

வதந்தியிலிருந்தே தொடங்கலாம். இரட்டை உலோகத்தில் செய்த பத்து ரூபாய் நாணயம் 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. முதல் காசுகளில் பொறித்திருந்த ஆண்டோ 2005. 2010 ஜூலையில் ரூபாய்க்குப் புதிய குறியீடு அறிவிக்கப்பட்டு, 2011 முதல் அது காசுகளிலும் ஏறியது. ஆக, பழைய பத்து ரூபாயில் குறியீடு இல்லை, புதியதில் உண்டு. ஒன்றில் எண்ணுக்கு மேலே பதினைந்து கதிர்க்கோடுகள், இன்னொன்றில் பத்து. ‘பத்துக் கோடு இருந்தா நல்ல காசு, பதினஞ்சு இருந்தா கள்ளக்காசு’ என்று பேச்சு கிளம்பியது. பேச்சு பொய்தான். ஆனால் ஒரே மதிப்புக்கு இரண்டு முகம் கொண்ட காசைக் கையில் வாங்கிய எவருக்கும் வரக்கூடிய சந்தேகம் அது. 2016-ல் டெல்லியில் பத்து ரூபாய் நாணயத்தைக் கள்ளத்தனமாக அடித்துக்கொண்டிருந்த பட்டறையைக் காவல்துறை பிடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கள்ளக்காசு இருக்கிறது என்பது கட்டுக்கதை அல்ல. எது கள்ளக்காசு என்பதில்தான் ஊர் தப்புக் கணக்குப் போட்டது.

சரி, ரிசர்வ் வங்கி கொடுத்த விளக்கம் என்ன? 2018 ஜனவரி 17 அன்று வந்த அறிக்கை சொன்னது: பத்து ரூபாய் நாணயம் இதுவரை பதினான்கு வடிவங்களில் வெளியாகியிருக்கிறது, பதினான்கும் செல்லும். ஐயம் இருந்தால் 14440 என்ற எண்ணுக்கு அழைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றும் வங்கி சொன்னது. சந்தேகத்தைத் தீர்க்க வந்த இந்த அறிக்கை உண்மையில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஒன்பதே ஆண்டுகளில் பதினான்கு முகங்கள்! காலை ஏழு மணிக் கூட்டத்தில் ஒரு கையால் டீ ஆற்றிக்கொண்டு மறு கையால் சில்லறை வாங்கிப் போடுகிறவர் அந்தப் பதினான்கையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும், அல்லது பத்து ரூபாய்க்காகத் தொலைபேசியை எடுத்து விசாரிக்க வேண்டும். கேள்வி கேட்காமல் கை மாறுவதற்குத்தான் பணம் என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம். விசாரித்து வாங்க வேண்டிய காசு, விசாரிக்கத் தொடங்கிய நொடியிலேயே பாதிக் காசாகிவிடுகிறது.

இதற்கு முந்தைய விளக்கத்தின் தேதி இன்னும் சுவையானது. பத்து ரூபாய் நாணயம் குறித்த தவறான பேச்சுகளை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2016 நவம்பர் 20 அன்று கேட்டுக்கொண்டது. நவம்பர் 8-க்குப் பன்னிரண்டு நாள் கழித்து. பிரதமர் இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றி, ஐந்நூறும் ஆயிரமும் நள்ளிரவோடு செல்லாது என்று சொன்ன அந்த நவம்பர் 8. ஜனங்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்த நாட்களில், ‘செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்’ என்று அறிவுரை! ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தும் வாக்குறுதியும் அச்சிட்ட நோட்டே ஒரு ராத்திரியில் கடையை விட்டு வெளியேறியதைக் கண்ணால் பார்த்தவர் அந்தக் கடைக்காரர். வாக்குறுதி எதுவும் எழுதாத ஒரு காசைப் பற்றிச் சந்தேகம் கிளம்பினால் அவர் ஒதுங்கி நிற்பது அறியாமையா, பட்டறிவா? அதன் பிறகு வந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டும் ஏழு வருடம் தாண்டவில்லை. 2023 மே 19 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சட்டப்படி அது செல்லும் என்று அன்றைக்கும் சொன்னார்கள். மறுநாள் முதல் அதை எத்தனை கடைகள் வாங்கின என்பது நமக்குத் தெரியும்.

‘செல்லும்’ என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பொருள், கல்லாவில் ஒரு பொருள். கல்லாவில் அதன் பொருள் எளிது: நான் வாங்கினால் என்னிடமிருந்து அடுத்தவர் வாங்குவாரா? பெட்டிக்கடைக்காரரின் அடுத்தவர் யார்? காலையில் பால் போடுகிறவர், லைனுக்கு வரும் சேல்ஸ்மேன், வாரத் தவணை வசூலிக்க வருகிறவர், கடைசியில் வங்கி. இவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் கல்லாவில் காசு தேங்கும். தேங்குவது பத்து ரூபாயாக இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். ஒற்றை ரூபாய் முந்நூறு தேங்கினால் முந்நூறு ரூபாய் முடங்கும். பத்து ரூபாய் முந்நூறு தேங்கினால் மூவாயிரம். சின்னக் கடைக்கு அது மறுநாள் சரக்கு வாங்குகிற முதல்.

வங்கி வாங்க வேண்டாமா? வாங்க வேண்டும். வாங்குவதில்லை. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்று அது வங்கிகளுக்குத் திரும்பத் திரும்பச் சுற்றறிக்கை அனுப்புகிறது. 2018 பிப்ரவரியில் அனுப்பியதில், எடை போட்டு வாங்கலாம், நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டி வாங்கினால் காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று வழிமுறையே எழுதியிருந்தார்கள். ஒழுங்காக நடக்கிற காரியத்துக்கு யாரும் இரண்டாவது சுற்றறிக்கை எழுதுவதில்லை. காசாளரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்டு எண்ணும் இயந்திரம் அவர் மேசையில் இருக்கிறது, காசு எண்ணும் இயந்திரம் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. ‘மதியத்துக்கு மேல வாங்க’ என்கிறார். மதியத்துக்கு மேல் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குக் கடைக்காரருக்கு ஆள் இல்லை. இப்படித் தேங்கிய காசு நாலைந்து மாதத்தில் ‘இங்க இது ஓடாது’ என்ற ஊர் வழக்கமாகிறது. வதந்தி செத்துப் பல வருடம் ஆன பிறகும் அந்த வழக்கம் உயிரோடிருப்பதற்குக் காரணம் இந்தத் தேக்கம். விழிப்புணர்வுப் பேரணி அதைத் தொடக்கூட முடியாது.

அறியாமைதான் காரணம் என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சென்னையில் பத்து ரூபாய் நாணயம் சிக்கலில்லாமல் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் வட மாவட்டச் சிற்றூர்களில் அதை நீட்டினால் திருப்பிக் கொடுத்தார்கள். சென்னை பூக்காரம்மா ரிசர்வ் வங்கியின் அறிக்கையைப் படித்தாரா? பதினான்கு வடிவங்களும் அவருக்கு அத்துப்படியா? இரண்டு ஊரிலும் இருப்பவர்களுக்கு நாணயத்தைப் பற்றித் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றேதான். மாநகரப் பேருந்து நடத்துநர் வாங்கிக்கொள்கிறார், அதனால் பூக்காரம்மாவும் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவே வித்தியாசம். அறிவு இரண்டு இடத்திலும் சமமாக இருக்க, நடத்தை மட்டும் மாறுகிறது என்றால் காரணத்தை அறிவில் தேடுவது வீண் வேலை.

நம்மைப் போன்ற படித்தவர்களின் சட்டைப் பைக்கும் வருவோம். ஐம்பது காசு நாணயம் இன்றைக்கும் சட்டப்படி செல்லும். 2011 ஜூன் 30-ஓடு விடைபெற்றவை இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டுமே. ஐம்பது காசைப் பத்து ரூபாய் வரையான தொகைக்குக் கொடுக்கலாம் என்று 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய் நாணயத்துக்காக நடத்துநருக்குச் சட்டம் கற்பிக்கிற பெரியவரிடம் இருபது ஐம்பது காசுகளைப் பத்து ரூபாய் மீதியாகக் கொடுத்துப் பாருங்கள். வாங்கமாட்டார். ஏன்? அவரிடமிருந்து யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். செல்லோடேப் ஒட்டிய ஐம்பது ரூபாய் நோட்டு நம் கையில் கிடைத்தாலும் அதே கதை. கிழிந்த நோட்டை வங்கியில் மாற்றிக்கொள்ள விதி இருக்கிறது. ஆனாலும் நாம் விதியைத் தேடிப் போவதில்லை. இருட்டும் நேரம் பார்த்து, நல்ல நோட்டுகளுக்கு நடுவில் சொருகி, யார் தலையிலாவது கட்டுகிறோம். பர்ஸில் சலவை நோட்டும் அழுக்கு நோட்டும் இருந்தால் முதலில் வெளியே போவது எது என்று யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. நாம் செய்தால் சாமர்த்தியம், பெட்டிக்கடைக்காரர் செய்தால் அறியாமை!

மிரட்டல் கட்சியையும் பார்த்துவிடலாம். நாணயத்தை மறுப்பது தேசத்துரோகம், சிறைக்குப் போக நேரும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் சிதைப்பதையும் குற்றமாக்குகிறது. டீக்கடையில் ஒரு நாணயத்தை வாங்க மறுத்தவருக்கு இன்ன தண்டனை என்று அதில் எழுதவில்லை. மாறாக, மிரட்டுகிறவர்கள் வாய் திறக்காத ஒரு வரம்பு அதில் உண்டு: ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையான தொகைக்குத்தான் சட்டப்படி செலுத்த முடியும். 2022-ல் சேலத்தில் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொட்டிக் கார் வாங்கியபோது ஊடகங்கள் கொண்டாடின. நாணயம் செல்லும் என்று நிரூபித்துவிட்டாராம். அவர் நோக்கம் நல்லது, எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த விற்பனை நிலையம் ‘ஆயிரத்துக்கு மேல் வாங்கமாட்டோம்’ என்று சொல்லியிருந்தால் சட்டம் அவர்கள் பக்கம்தான் நின்றிருக்கும். நாணயத்தின் மீது அரசுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் நம்பிக்கை இல்லை. பெட்டிக்கடைக்காரர் மட்டும் அளவில்லாமல் நம்ப வேண்டுமாம்.

இனி வடிவமைப்பு. இங்கேதான் பொதுப் பேச்சு முற்றிலும் தடம் மாறிப் போகிறது. நோட்டு, காசு வடிவமைப்பு என்றதும் நம் ஊரில் விவாதம் ஒன்றே ஒன்று: யார் படம்? 2022 அக்டோபரில் அரவிந்த் கேஜ்ரிவால் நோட்டில் லட்சுமி, பிள்ளையார் படம் போடச் சொன்னார். நாடு ஒரு வாரம் அதையே பேசியது. 2024 ஆகஸ்டில் கலைஞர் நூற்றாண்டுக்காக நூறு ரூபாய் நாணயம் வெளியிட்டபோது, அதில் இந்தி இருக்கிறதே என்று ஒரு கூட்டம், ‘தமிழ் வெல்லும்’ என்றும் இருக்கிறதே என்று எதிர்க்கூட்டம். அந்த நாணயத்தைக் கொடுத்து எவரும் எந்தக் கடையிலும் டீ குடிக்கப் போவதில்லை. அது பெட்டியில் வைக்கிற நினைவுப் பொருள். அதற்கு அவ்வளவு சத்தம். தினசரி கையில் புரள்கிற காசின் குறுக்களவு பற்றி இந்த நாட்டில் யாராவது சட்டசபையில் எழுந்து பேசியதுண்டா?

பேசியிருக்க வேண்டும். 2007-ல் வந்த எஃகு ஒரு ரூபாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். அதில் ஒரு கை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும். இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுத்துத் தெரியாதவரும் பார்த்து எண்ணட்டும் என்ற நல்ல யோசனை. நான்கு வருடம்தான். 2011-ல் புதிய வரிசை வந்தது. அதில் இரண்டு ரூபாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம், அதே எஃகு. நேற்று வரை ஒரு ரூபாயாக இருந்த உருவம் இன்று இரண்டு ரூபாய். புதிய ஒரு ரூபாயோ 22 மில்லிமீட்டர், 3.79 கிராம்; முந்தைய ஐம்பது காசின் உருவம் அது. எல்லாக் காசும் ஒரு படி கீழே இறங்கி அடுத்ததன் சட்டையைப் போட்டுக்கொண்டன, பழைய காசுகளைத் திரும்பப் பெறாமலே. பிறகு 2019 மார்ச்சில் இன்னொரு வரிசை. இப்போது ஐந்து ரூபாய் 25 மில்லிமீட்டர். இரண்டு ரூபாய் 23, அதாவது பழைய ஐந்து ரூபாயின் அளவு. பன்னிரண்டே வருடத்தில் 25 மில்லிமீட்டர் என்ற ஒரே வட்டம் ஒரு ரூபாயாகவும் இரண்டு ரூபாயாகவும் ஐந்து ரூபாயாகவும் இருந்துவிட்டது. மூன்றும் இன்றைக்கு ஒரே கல்லாவில் கிடக்கின்றன. 27 மில்லிமீட்டரின் கதையும் மோசமில்லை: 2007-ன் இரண்டு ரூபாய், பத்து ரூபாய், இப்போது இருபது ரூபாய். ஐந்து ரூபாய் மஞ்சள், ஒன்றும் இரண்டும் வெள்ளை. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். ஆகவே கண் இருப்பவர் நின்று பார்த்தால் பிரித்துவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். காசு எண்ணுகிறவர் எவரும் நின்று பார்ப்பதில்லை. விரல்தான் எண்ணுகிறது.

விரலுக்காகக் காசு செய்யத் தெரியாத நாடும் அல்ல இது. 1957 ஏப்ரலில் தசமப் பைசா முறை வந்தது. அந்தக் காலத்துக் காசுகளையும் அவற்றின் பின்வந்த அலுமினியக் காசுகளையும் நினைவிருப்பவர்கள் சொல்லுங்கள்: ஐந்து பைசா சதுரம், பத்து பைசாவுக்குப் பூவிதழ் போல நெளிந்த விளிம்பு, மூன்று பைசா அறுகோணம், பின்னால் வந்த இருபது பைசா அதைவிடப் பெரிய அறுகோணம், இருபத்தைந்தும் ஐம்பதும் வட்டம். இருட்டில் பைக்குள் கைவிட்டு வேண்டியதை எடுத்தார்கள். 1992 முதல் வந்த இரண்டு ரூபாய்க்குப் பதினோரு பக்கம். ஐந்து ரூபாயின் தடிமனை விரல் மறக்காது. அந்த அறிவு எங்கே போனது? விலைவாசியோடு உலோகத்தின் விலை ஏறியது, காசு மெலிந்தது, எஃகுக்கு மாறினார்கள், இதெல்லாம் புரிகிறது. ஆனால் எஃகிலும் பதினோரு பக்கம் வெட்ட முடியும். வெட்டாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. காசை யாரும் கைப்பொருளாக நினைக்காமல் தபால் தலையாக நினைக்கத் தொடங்கியதுதான்.

தபால் தலை நினைப்புக்குப் பத்து ரூபாய் நாணயமே சாட்சி. ஹோமி பாபா நூற்றாண்டு, ரிசர்வ் வங்கி 75, நாடாளுமன்றம் 60, வைஷ்ணவ தேவி கோயில் வாரியம், கயிறு வாரியம் 60, சின்மயானந்தர், அம்பேத்கர் 125, மகாராணா பிரதாப், சர்வதேச யோகா தினம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒவ்வொன்றும் புழக்கத்துக்கு. நினைவுகூர வேண்டியவர்கள் அவர்கள், சண்டை அதில் இல்லை. தமிழர்களும் இதில் இளைத்தவர்கள் இல்லை. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர், பின்னால் காமராசர், அண்ணா என்று நமக்கும் காசுகள் வந்தன, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஏற்கெனவே பரிச்சயமாகிவிட்ட ஒரு ரூபாயிலோ ஐந்து ரூபாயிலோ படம் மாறினால் மக்கள் பொருட்படுத்துவதில்லை. உருவமும் எடையும் கைக்குத் தெரியும். பத்து ரூபாய் அப்போதுதான் பிறந்த காசு. அதன் முகம் மனதில் பதிவதற்குள் கயிறு வாரியத்துக்காக மாற்றியவர்கள், பிறகு மக்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நொந்துகொள்வதில் என்ன நியாயம்?

நோட்டுக் கதை இதைவிடக் கொடுமை, ஏனென்றால் அதில் அடிபட்டவர்களுக்குச் சண்டை போடவும் வழியில்லை. பழைய காந்தி வரிசையில் நூறு ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 167, ஆயிரம் 177. பார்வையற்றவர்கள் விரல் இடுக்கில் வைத்து அளந்து பிரித்தார்கள். பத்து மில்லிமீட்டரை விரல் உணரும். 2016 முதல் வந்த வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒரே 66. இடைவெளி நான்கு மில்லிமீட்டர். சென்னைப் புறநகர் ரயிலில் கடலை மிட்டாயும் பேனாவும் விற்கிற பார்வையற்றவர் ஓடும் பெட்டியில், கூட்டத்தில், நான்கு மில்லிமீட்டரை விரலால் அளக்க வேண்டும். தடவிப் பார்க்க மேடான கோடுகளும் வட்டமும் முக்கோணமும் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, நூறுக்கும் அதற்கு மேலும். நோட்டு ஆறு மாதம் கசங்கினால் அந்த மேடு தரைமட்டம். பார்வையற்றோர் அமைப்பு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 புத்தாண்டன்று ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற கைபேசிச் செயலியைக் கொடுத்தது: நோட்டைப் படம் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று அது சொல்லும். ஓடும் ரயிலில் ஒரு கையில் சரக்குப் பை, மறு கையில் வாடிக்கையாளர் நீட்டிய நோட்டு. செயலியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? புதிய நோட்டு அழகாக இருக்கிறதா, ராணியின் படிக்கிணறு நன்றாக வரைந்திருக்கிறதா, ஹம்பித் தேர் எடுப்பா என்று நாம் பேசிக்கொண்டிருந்த நாளில் இது நடந்து முடிந்தது.

‘வெளிநாட்டில் இப்படியா? அங்கே அரசு சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள்’ என்று ஒரு வாதம். கேட்கமாட்டார்கள். அமெரிக்கா 1979-ல் சூசன் பி. ஆண்டனி படம் போட்டு ஒரு டாலர் நாணயம் அடித்தது. குறுக்களவு 26.5 மில்லிமீட்டர், அவர்களின் கால் டாலர் 24.3. நிறமும் ஒன்று. கால் டாலர் என்று நினைத்து ஒரு டாலரைக் கொடுத்து ஏமாந்தவர்கள் அதைத் தொடவே மறுத்தார்கள், கோடிக்கணக்கான நாணயங்கள் கிட்டங்கியில் தூங்கின. அமெரிக்கர்களுக்கு விவரம் பத்தாது என்று அங்கே யாரும் பேரணி நடத்தியதாகத் தெரியவில்லை. நாணயம் தோற்றது என்றுதான் எழுதினார்கள். பக்கத்து நாடான கனடா 1987-ல் பதினோரு பக்கம் கொண்ட, தங்க நிறத்தில் ஒரு டாலர் நாணயம் கொண்டுவந்தது. 1989-ல் ஒரு டாலர் நோட்டை வெளியிடுவதை நிறுத்தியது. நாணயம் நிலைத்தது. பிரிட்டனும் 1983-ல் ஒரு பவுண்டு நாணயம், 1988-ல் நோட்டு வாபஸ் என்று அதையே செய்தது. கனடாவில் நோட்டு போய்விட்டது, அமெரிக்காவில் இன்னும் இருக்கிறது. சட்டைப் பையில் மடிகிற நோட்டு கிடைக்கும்வரை கனமான காசை யாரும் விரும்பி ஏற்கமாட்டார்கள், எந்த ஊராக இருந்தாலும்.

இந்தியா என்ன செய்தது? 2018 ஜனவரி 5 அன்று கொனார்க் சக்கரத்தோடு சாக்லேட் நிறத்தில் புதிய பத்து ரூபாய் நோட்டை அறிவித்தது. ஜனவரி 17 அன்று, பத்து ரூபாய் நாணயத்தை ஏன் வாங்கமாட்டேன் என்கிறீர்கள் என்று மக்களைக் கேட்டது. அறிவித்ததும் ரிசர்வ் வங்கி, கேட்டதும் ரிசர்வ் வங்கி. நோட்டை அது வெளியிடுகிறது, நாணயத்தை மத்திய அரசு அடித்துக் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே மதிப்பில் எது இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க யாரும் இல்லாததுபோல் நடக்கிறது.

இதெல்லாம் எதற்கு, இனி எல்லாம் யுபிஐதானே என்பவர்களுக்கு நீளமான பதில் தேவையில்லை. மொய்க் கவரில் ஒட்டிய ஒற்றை ரூபாயை ஜிபேயில் அனுப்ப முடிகிற நாளில் பேசிக்கொள்வோம். அதுவரை பேருந்து நிலையக் கழிப்பறையிலும் கோயில் வாசல் செருப்புக் காவலிலும் காசு வேண்டும். கடைகளில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருகிற வழக்கம் இன்னும் போகவில்லை. சில்லறை வேண்டாத நாட்டில் மிட்டாய் பணமாக மாறாது.

யுபிஐயும் காசும் சந்தித்த இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு வெள்ளோட்டத் திட்டத்தை அறிவித்தது: பன்னிரண்டு நகரங்களில் நாணயம் வழங்கும் இயந்திரம். கைபேசியால் கியூஆர் குறியீட்டைப் படித்துப் பணம் செலுத்தினால் வேண்டிய நாணயங்கள் கொட்டும். கிடங்கில் காசு மலையாகக் கிடக்கிறது, தேவைப்படுகிறவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். நல்ல இயந்திரம். ஆனால் அது ஒரு பக்கம்தான் திறக்கிறது. கல்லாவில் மூவாயிரம் ரூபாய்க்குப் பத்து ரூபாய் நாணயம் தேங்கிக்கிடக்கும் கடைக்காரர் அதன் முன்னால் போய் நின்றால் அதற்கு வாய் இல்லை. எண்ணி வாங்கிக்கொண்டு அவர் கணக்கில் வரவு வைக்கும் இயந்திரம் ஒன்றை ஒவ்வொரு தாலுகாத் தலைநகரப் பேருந்து நிலையத்திலும் வைத்து, பத்து ரூபாய் நோட்டு அச்சிடுவதையும் நிறுத்திவிட்டு, அதன் பிறகும் அவர் மறுத்தால், அப்போது அவருக்கு விவரம் பத்தாது என்று சொல்ல நானும் வருகிறேன்.